ஒரு வேகமான எஸ்எஸ்டியா, இரண்டு டிரைவா? வீடியோ எடிட்டிங் மாணவர்கள் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

சென்னை ரிச்சி தெருவில் தினமும் கேட்கும் உரையாடல் இது. "அண்ணா, 2 டிபி எவ்ளோ வரும்?" "எஸ்எஸ்டியா, நார்மலா தம்பி?" அந்த இடத்தில் பல மாணவர்கள் தடுமாறிவிடுகிறார்கள். எஸ்எஸ்டி விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. 'நார்மல்' ஹார்ட் டிஸ்க் வாங்கினால் "எடிட்டிங்குக்கு ஸ்லோவா இருக்கும்" என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். இரண்டுக்கும் நடுவே, ஆன்லைனில் நம்ப முடியாத விலைக்கு '16 டிபி எஸ்எஸ்டி' என்று ஒன்று கண்ணில் படுகிறது.

விஸ்காம், ஃபிலிம் ஸ்டடீஸ், இதழியல் மாணவர்களுக்கும், சொந்தமாக யூடியூப் சேனல் நடத்தும் மாணவர்களுக்கும் எக்ஸ்டர்னல் டிரைவ் இன்று கேமராவுக்கு அடுத்த முக்கியமான செலவு. மூன்று மாதம் அலைந்து எடுத்த குறும்படம் முழுக்க அந்தச் சின்னப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. ஆனால் டிரைவ் வாங்கும்போது பலரும் கேட்பது இரண்டே கேள்விகள்: எத்தனை டிபி, எவ்வளவு வேகம்? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. இது செத்துப்போனால் இன்னொரு காப்பி எங்கே இருக்கிறது?

விலையேறிவிட்ட இந்த நேரத்தில் அந்த மூன்றாவது கேள்விதான் முதலில் வர வேண்டும்.

விலை ஏன் இப்படி ஏறியது?

செயற்கை நுண்ணறிவுதான் முக்கியக் காரணம். ஏஐ சேவைகளை நடத்தும் டேட்டா சென்டர்களுக்கு நினைவகச் சிப்களும் சேமிப்புக் கருவிகளும் மலைமலையாகத் தேவைப்படுகின்றன. எஸ்எஸ்டி, பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றுக்கும் அடிப்படை 'நாண்ட் ஃபிளாஷ்' எனும் சிப். சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான், கியாக்ஸியா, சான்டிஸ்க் என உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களே இதைப் பெருமளவில் தயாரிக்கின்றன. 2023-ல் சந்தையில் சிப் தேங்கி விலை சரிந்தபோது இவை உற்பத்தியைக் குறைத்தன. அதன் பிறகு ஏஐ தேவை எகிறியது. குறைந்த உற்பத்தி, கூடிய தேவை. 2025-ன் பிற்பகுதியிலிருந்து விலை மேலே போகத் தொடங்கியது.

இதன் வெளிப்படையான அடையாளம் மைக்ரானின் முடிவு. 'குரூஷியல்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு ரேம், எஸ்எஸ்டி விற்றுவந்த அந்த நிறுவனம், அந்த வியாபாரத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பர் 3 அன்று அறிவித்தது. 2026 பிப்ரவரி இறுதிவரை மட்டுமே கடைகளுக்குச் சரக்கு அனுப்பப்படும் என்றும், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கான வாரன்டி தொடரும் என்றும் கூறியது. டேட்டா சென்டர் வாடிக்கையாளர்களுக்கு முன்னுரிமை தருவதே காரணம். பட்ஜெட்டில் வாங்கும் மாணவர்களுக்குப் பழக்கமான ஒரு பெயர் இப்படிச் சந்தையிலிருந்து விலகுகிறது.

சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் முழுதாகத் தப்பவில்லை. அதைத் தயாரிப்பவை உலகில் மூன்றே நிறுவனங்கள்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. 2026-ம் ஆண்டுக்கான தன் உற்பத்தி ஏறக்குறைய முழுவதும் விற்றுவிட்டதாக வெஸ்டர்ன் டிஜிட்டல் இந்த ஆண்டின் தொடக்கத்தில் தெரிவித்தது. வாங்குவோர் பெரும்பாலும் டேட்டா சென்டர்கள்தான்.

இப்படி நடப்பது முதல் முறையல்ல. 2011-ல் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கியபோதும் உலகம் முழுக்க விலை எகிறியது. வெள்ளம் வடிந்த வேகத்தில் விலை வடியவில்லை. எனவே 'ரெண்டு மாசம் பொறுத்தா குறைஞ்சிடும்' என்று ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் தேதி நெருங்கும்வரை காத்திருப்பது நல்ல திட்டமல்ல. தேவையைச் சரியாகக் கணக்கிட்டு, தேவைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் வாங்குவதே வழி.

லேப்டாப்பிலேயே வைத்துக்கொள்ள முடியாதா?

பெரும்பாலும் முடியாது. கல்லூரி மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் 'உலகம் உங்கள் கையில்' திட்டம் 2026 ஜனவரி 5 அன்று தொடங்கியது. அதில் தரப்படும் லேப்டாப்பில் இருப்பது 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. படிப்புக்கும் பொதுவான வேலைகளுக்கும் இது போதும். ஆனால் விண்டோஸ், எடிட்டிங் மென்பொருள், வழக்கமான கோப்புகள் எல்லாம் போக மீதமிருக்கும் இடம் ஒரு குறும்படத்தின் ஃபுட்டேஜைத் தாங்காது. சொந்தக் காசில் வாங்கிய லேப்டாப்களிலும் 512 ஜிபிதான் சாதாரணம்.

இன்னொன்றும் உண்டு. உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி நிரம்பி வழிந்தால் லேப்டாப்பே திணறும். எடிட்டிங் மென்பொருள் தன் தற்காலிகக் கோப்புகளை எழுத இடம் தேடும். ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக விட்டுவைப்பது நல்லது.

உண்மையில் எவ்வளவு இடம் வேண்டும்?

இதை ஊகிக்கத் தேவையில்லை. கேமரா மெனுவிலேயே பதில் இருக்கிறது. ஒவ்வொரு வீடியோ முறைக்கும் பிட்ரேட் என்று ஓர் எண் இருக்கும். வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்று. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே அந்த எண்ணை எட்டால் வகுத்தால் வினாடிக்கு எத்தனை மெகாபைட் என்பது கிடைத்துவிடும்.

- ஐபோனில் சாதாரண 4கே, 30 பிரேம்: நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 10 ஜிபி.
- மிரர்லெஸ் கேமராவில் 100 மெகாபிட் 4கே: வினாடிக்கு 12.5 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி.
- அதே வகைக் கேமராவில் 240 மெகாபிட் 'ஆல்-இன்ட்ரா' முறை: ஒரு மணி நேரத்துக்கு 108 ஜிபி.
- ஐபோன் ப்ரோ மாடல்களில் 4கே ப்ரோரெஸ்: நிமிடத்துக்குச் சுமார் 6 ஜிபி. ஒரு மணி நேரத்துக்கு 360 ஜிபி.

இப்போது ஒரு பத்து நிமிடக் குறும்படத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று நாள் படப்பிடிப்பு. நாளுக்கு இரண்டு மணி நேர ஃபுட்டேஜ். மொத்தம் ஆறு மணி நேரம். சாதாரண ஃபோனில் எடுத்தால் 60 ஜிபி சொச்சம். 100 மெகாபிட் கேமராவில் எடுத்தால் 270 ஜிபி. ப்ரோரெஸில் எடுத்தால் 2 டிபியைத் தாண்டிவிடும். கதையும் நடிகர்களும் அதேதான். ஒரு மெனு பட்டனை மாற்றியதில் தேவையான இடம் முப்பது மடங்குக்கு மேல் கூடுகிறது. எனவே டிரைவ் வாங்கும் முன் கேமராமேனிடம் 'என்ன செட்டிங்கில் எடுக்கப்போகிறோம்?' என்று கேட்டுவிடுவது ஆயிரக்கணக்கில் மிச்சப்படுத்தும்.

மூல ஃபுட்டேஜோடு கணக்கு முடியாது. ப்ராக்ஸி கோப்புகள், ரெண்டர் கேஷ், ஒலிப்பதிவு, பின்னணி இசை, 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் ஃபைனல்' என்று குவியும் எக்ஸ்போர்ட்கள் எல்லாம் சேரும். மூல ஃபுட்டேஜைப் போல இரண்டு மடங்கு இடம் ஒதுக்கினால் பாதுகாப்பு. 270 ஜிபி ஃபுட்டேஜ் உள்ள படத்துக்கு 500 ஜிபி டிரைவ் இழுபறியாக இருக்கும். 1 டிபி தாராளம்.

1 டிபி வாங்கி விண்டோஸில் செருகினால் 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1,024 ஆகக் கணக்கிடுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

டைம்லைன் சிக்கிச் சிக்கி ஓடுகிறது. வேகமான டிரைவ் வாங்கினால் சரியாகிவிடுமா?

அதிகம் பேர் பணத்தை வீணாக்கும் இடம் இதுதான். மேலே போட்ட கணக்கை மறுபடி பார்த்தால் விடை தெரியும். 100 மெகாபிட் வீடியோ ஓட வினாடிக்கு 12.5 எம்பி போதும். கையடக்கமான சாதா ஹார்ட் டிஸ்க்கே வினாடிக்கு 100 முதல் 130 எம்பி வரை தரும். தேவையைப் போல எட்டு மடங்குக்கு மேல்! அப்படியானால் சிக்கல் எங்கே?

பெரும்பாலும் லேப்டாப்பின் பிராசஸரில். ஃபோனும் கேமராவும் இடத்தை மிச்சப்படுத்த வீடியோவை எச்.264, எச்.265 முறைகளில் இறுகச் சுருக்கிவிடுகின்றன. இவற்றில் ஒவ்வொரு பிரேமும் முழுப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. முன்னும் பின்னும் உள்ள பிரேம்களோடு ஒப்பிட்டு மாறிய பகுதி மட்டுமே பதிவாகிறது. எடிட் செய்யும்போது ஒரு பிரேமைக் காட்ட, பிராசஸர் பக்கத்துப் பிரேம்களையும் விரித்துக் கணக்குப் போட வேண்டும். 8 ஜிபி ரேம் உள்ள சாதாரண லேப்டாப் இதில்தான் மூச்சு வாங்குகிறது. எவ்வளவு விலை உயர்ந்த எஸ்எஸ்டியைச் செருகினாலும் இந்த வேலை குறையாது.

இதற்குத் தீர்வு காசில்லாமலே கிடைக்கிறது: ப்ராக்ஸி. மூல 4கே கோப்புக்குப் பதிலாக, எளிதில் ஓடும் சிறிய நகல் ஒன்றை மென்பொருளே உருவாக்கும். எடிட்டிங் முழுவதும் அந்த நகலில் நடக்கும். கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது மூலக் கோப்பு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இலவசமாகக் கிடைக்கும் டாவின்சி ரிசால்வ், சந்தாவில் வரும் பிரீமியர் ப்ரோ இரண்டிலும் இந்த வசதி இருக்கிறது. 1080 அளவில் ப்ரோரெஸ் ப்ராக்ஸி ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 20 ஜிபிதான். ஆறு மணி நேர ஃபுட்டேஜுக்கு 120 ஜிபி.

எஸ்எஸ்டி உண்மையிலேயே கைகொடுக்கும் இடங்களும் உண்டு. நான்கு கேமராவில் எடுத்த நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்ப்பது, ப்ரோரெஸ் மாதிரியான கனமான கோப்புகள், ஏராளமான சின்னச் சின்னக் கிளிப்புகளுக்கு நடுவே தாவிக்கொண்டே இருப்பது. சுழலும் தட்டில் ஊசி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில்தான் ஹார்ட் டிஸ்க் தோற்கும். ஐபோன் ப்ரோவில் நேரடியாக வெளி டிரைவில் ப்ரோரெஸ் பதிவு செய்பவர்களுக்கும் எஸ்எஸ்டியைத் தவிர வேறு வழியில்லை.

பெட்டியில் போட்டிருக்கும் வேகம் ஏன் வருவதில்லை?

'2,000 எம்பி' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும். வீட்டுக்கு வந்து காப்பி போட்டால் 400-ஐத் தாண்டாது. காரணம் டிரைவ் அல்ல. வழியில் இருக்கும் மற்றவை.

முதலில் போர்ட். யுஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 மூன்றும் ஒன்றேதான். பெயரை மட்டும் மாற்றிக் குழப்பிவிட்டார்கள். இதன் உச்சம் வினாடிக்கு 5 கிகாபிட். நடைமுறையில் 400 முதல் 450 எம்பி. 10 கிகாபிட் போர்ட் என்றால் 1,000 எம்பி வரை போகலாம். 2,000 எம்பி டிரைவ்களில் பல கேட்பது 20 கிகாபிட் 'ஜென் 2x2' போர்ட். அது பெரும்பாலான லேப்டாப்களில் இல்லை. மேக்புக்கிலும் அந்த டிரைவ்கள் 10 கிகாபிட் வேகத்துக்கு இறங்கிவிடும். லேப்டாப்பில் இல்லாத வேகத்துக்குக் காசு கொடுப்பது வீண்.

அடுத்தது கேபிள். டைப்-சி முனை இருப்பதாலேயே அது வேகமான கேபிள் ஆகிவிடாது. ஃபோன் சார்ஜ் போட வரும் டைப்-சி கேபிள்கள் பலவும் யுஎஸ்பி 2.0 தான், வினாடிக்கு 35, 40 எம்பிக்கு மேல் நகராது. 270 ஜிபியை அதில் ஏற்ற சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். டிரைவோடு வந்த கேபிளைத் தொலைக்காமல் வைத்திருப்பதே பாதி வேகம்.

மூன்றாவது, காப்பி எங்கிருந்து வருகிறது என்பது. மாணவர்கள் அதிகம் பயன்படுத்தும் யுஎச்எஸ்-1 வகை எஸ்டி கார்டின் உச்சமே 104 எம்பிதான். அந்தக் கார்டிலிருந்து இறக்கும்போது சாதா ஹார்ட் டிஸ்க்கும் விலை உயர்ந்த எஸ்எஸ்டியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் முடிக்கும்.

கடைசியாக, விலை குறைந்த எஸ்எஸ்டிகளில் ஒரு சூட்சுமம் உண்டு. வேகமாக எழுதிக்கொள்ள அவற்றில் ஒரு சிறிய பகுதி ஒதுக்கப்பட்டிருக்கும். அது நிரம்பும்வரை பறக்கும். நிரம்பியதும் வேகம் சட்டென்று விழும். சில ஜிபி காப்பி செய்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஒரே மூச்சில் 200 ஜிபி ஏற்றும் வீடியோ மாணவருக்குத் தெரியும். கையடக்க ஹார்ட் டிஸ்க்குகளிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி வேய்வதுபோல, தகவல் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏற்றிப் பதியும் 'எஸ்எம்ஆர்' முறை. நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் பக்கத்து ஓடுகளையும் எடுத்து வேய வேண்டும் அல்லவா? அதுபோல, அழித்து அழித்து எழுதும்போது இவை மெதுவாகும். ஒருமுறை எழுதிப் பத்திரமாக வைக்க நன்றாகவே பயன்படும்.

எது அதிகம் பாதுகாப்பு?

கீழே விழுந்தால் பிழைப்பது எஸ்எஸ்டி. உள்ளே சுழலும் பாகம் எதுவும் இல்லை. பைக்கிலும் பஸ்ஸிலும் லொகேஷன் லொகேஷனாக அலையும் பையில் இருக்க வேண்டியது அதுதான். ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து ஒருமுறை விழுந்தாலே கதை முடிந்துபோகலாம்.

ஆனால் எஸ்எஸ்டி சாகாவரம் பெற்றது அல்ல. ஹார்ட் டிஸ்க் பல நேரம் 'டக் டக்' சத்தம் போட்டு, மெதுவாகி, எச்சரித்துவிட்டுப் போகும். எஸ்எஸ்டி நேற்று வேலை செய்திருக்கும். இன்று லேப்டாப்புக்கு அடையாளமே தெரியாது. அதிலிருந்து தகவலை மீட்பதும் கடினம். மின்சாரம் படாமல் வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் ஃபிளாஷ் சிப்பில் உள்ள மின்னேற்றம் மெல்லக் கசியும். நீண்ட காலம் எடுத்துவைக்க ஹார்ட் டிஸ்க்கே பொருத்தம்.

பிராண்டு பெயரும் முழுப் பாதுகாப்பு தராது. 2023-ல் சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் வரிசையின் சில எஸ்எஸ்டிகளில் தகவல் அழிந்துபோவதாக ஒளிப்பதிவாளர்களும் எடிட்டர்களும் புகார் எழுப்பினர். அப்போது அந்த பிராண்டை வைத்திருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல், குறிப்பிட்ட மாடல்களுக்கு மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. அமெரிக்காவில் வழக்குகளும் தொடரப்பட்டன. உலகம் முழுக்கத் தொழில்முறையாளர்கள் நம்பி வாங்கிய வரிசை அது. அதில் நடந்தால் எதிலும் நடக்கலாம்.

வாரன்டி இருக்கிறதே என்று தோன்றலாம். வாரன்டி என்பது டிரைவுக்குத்தான். பழுதான டிரைவைக் கொடுத்தால் புது டிரைவ் வரும். அதற்குள் இருந்த படம் வராது. தகவல் மீட்பு நிலையங்களுக்குப் போனால், டிரைவ் வாங்கிய விலையைவிடப் பல மடங்கு செலவாகலாம். அப்போதும் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

அப்படியானால் என்னதான் வாங்குவது?

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ பிரபலப்படுத்திய '3-2-1' விதியை உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். மூன்று நகல், இரண்டு வெவ்வேறு வகைக் கருவிகளில், அதில் ஒன்று வேறு இடத்தில். மாணவர் பட்ஜெட்டுக்கு இதை எப்படிப் பொருத்துவது?

*கையில் மிகக் குறைவான பணம் இருந்தால்:* 1 அல்லது 2 டிபி சாதா ஹார்ட் டிஸ்க் ஒன்று போதும். மூல ஃபுட்டேஜ் முழுவதும் அதில். ப்ராக்ஸி மட்டும் லேப்டாப்பின் உள் எஸ்எஸ்டியில். எடிட்டிங் அங்கேயே நடக்கட்டும். இரண்டாவது காப்பியை டீமில் இன்னொருவரின் டிரைவில் போட்டுவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் மற்ற எதுவும் பயனில்லை.

*கொஞ்சம் கூடுதலாகச் செலவிட முடிந்தால்:* ஒரு பெரிய எஸ்எஸ்டிக்குப் பதிலாக, வேலைக்கு 500 ஜிபி அல்லது 1 டிபி எஸ்எஸ்டி ஒன்று, சேமிப்புக்கு 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று. எஸ்எஸ்டி பையில் சுற்றும். ஹார்ட் டிஸ்க் வீட்டை விட்டு வெளியே வராது. ஒரு ஜிபிக்கு ஆகும் செலவில் ஹார்ட் டிஸ்க் இன்றும் மலிவு என்பதால் இந்தப் பங்கீடு கட்டுப்படியாகும்.

*ஐந்து பேர் கொண்ட டீம் என்றால்:* ஆளுக்கொரு எஸ்எஸ்டி தேவையே இல்லை. எடிட்டருக்கு ஒரு எஸ்எஸ்டி. அதன் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். இயக்குநர் வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க், இன்னொருவர் வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க். எந்தக் காப்பி யாரிடம் இருக்கிறது என்பதை முதல் நாளே முடிவு செய்து வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிவைப்பது நல்லது. "உன்கிட்ட இருக்குன்னு நெனச்சேன்" என்ற ஒரு வாக்கியத்தில் பல படங்கள் காணாமல் போயிருக்கின்றன.

இன்னும் மலிவான ஒரு வழி உண்டு. வீட்டில் பழைய லேப்டாப் இருந்தால் அதற்குள் இருக்கும் எஸ்எஸ்டி அல்லது ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு 'என்க்ளோஷர்' பெட்டிக்குள் போட்டால் அதுவே எக்ஸ்டர்னல் டிரைவ். ரிச்சி தெரு மாதிரியான இடங்களில் அந்தப் பெட்டி எளிதில் கிடைக்கும். பழைய டிரைவ் என்பதால் அது மூன்றாவது காப்பிக்கு மட்டும். முதல் காப்பியை அதை நம்பி வைக்கக் கூடாது.

கிளவுட்? கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. வினாடிக்கு 20 மெகாபிட் அப்லோடு வேகத்தில் 100 ஜிபி ஏற 11 மணி நேரம் ஆகும். முழு ஃபுட்டேஜை ஏற்றுவது சிரமம்தான். ஆனால் எடிட்டிங் மென்பொருளின் ப்ராஜெக்ட் கோப்பு பெரும்பாலும் சில எம்பிதான். வாரக்கணக்கான உழைப்பு முழுக்க இருப்பது அந்தக் கோப்பில். அதைத் தினமும் இரவு கூகுள் டிரைவில் போட ஒரு நிமிடம் போதும். மூல ஃபுட்டேஜும் ப்ராஜெக்ட் கோப்பும் இருந்தால் லேப்டாப்பே தொலைந்தாலும் படத்தை மீட்டுவிடலாம்.

அந்த '16 டிபி' எஸ்எஸ்டி?

வாங்கவே கூடாது. பிரபல பிராண்டின் 1 டிபி விலையைவிடக் குறைவாக 16 டிபி கிடைக்கிறது என்றால் அது போலி. இவற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது ஒரு சாதாரண மெமரி கார்டைத்தான். லேப்டாப்பில் செருகினால் 16 டிபி என்றே காட்டும்படி அதன் உள்மென்பொருளை மாற்றியிருப்பார்கள். முதல் சில கோப்புகள் ஒழுங்காகவே ஏறும். உண்மையான கொள்ளளவு தாண்டியதும் பழைய கோப்பின் மேலேயே புதியது எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாது. கோப்பின் பெயர் இருக்கும். திறந்தால் ஒன்றும் இருக்காது. படப்பிடிப்பு முடிந்து, கார்டை ஃபார்மட் செய்த பிறகுதான் இது தெரியவரும்.

எந்த டிரைவ் வாங்கினாலும் முதல் நாளே சோதித்துவிடலாம். விண்டோஸில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ', மேக், லினக்ஸில் 'எஃப்3' ஆகிய இலவச மென்பொருள்கள் டிரைவை முழுக்க எழுதி, திரும்பப் படித்து, உண்மையான அளவைச் சொல்லிவிடும். "பில் இல்லாம வாங்கினா குறைச்சுத் தரேன்" என்று சொன்னால் வேண்டாம் என்பதே நல்லது. 18% ஜிஎஸ்டியில் மிச்சமாகும் பணத்தைவிட வாரன்டிக்குக் கையில் இருக்கும் பில்லுக்கு மதிப்பு அதிகம்.

வாங்கிய பிறகு?

டிரைவை எந்த முறையில் ஃபார்மட் செய்வது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். என்டிஎஃப்எஸ் என்றால் மேக்கில் படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது. பழைய ஃபேட்32-ல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, வீடியோவுக்கு ஆகாது. கல்லூரி லேபில் மேக், வீட்டில் விண்டோஸ் என்று இருப்பவர்களுக்கு எக்ஸ்ஃபேட்தான் வழி. ஆனால் எக்ஸ்ஃபேட்டில் ஒரு பலவீனம்: எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் கோப்பு அமைப்பே குழம்பிவிடலாம். 'இஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். விண்டோஸ் மட்டுமே பயன்படுத்துபவர்களுக்கு என்டிஎஃப்எஸ் பாதுகாப்பானது.

படப்பிடிப்புத் தளத்தில் ஒரே ஒரு விதி போதும்: இரண்டு டிரைவில் காப்பி ஏறி, இரண்டிலும் கிளிப்புகளைத் திறந்து பார்க்கும்வரை மெமரி கார்டை ஃபார்மட் செய்யக் கூடாது. காப்பி சரியாக வந்ததா என்று தானே ஒப்பிட்டுப் பார்க்கும் 'டெராகாப்பி' போன்ற மென்பொருளும் இருக்கிறது. இரண்டாவது காப்பி உள்ள டிரைவை எந்தக் காரணத்துக்காகவும் பொது லேப் கணினியிலோ, பிரின்ட் எடுக்கும் கடையிலோ செருகக் கூடாது. கோப்புகளை மறைத்து ஷார்ட்கட்டாக மாற்றும் வைரஸ் அங்கிருந்துதான் அதிகம் தொற்றுகிறது. பிரின்ட்டுக்கு ஒரு சின்னப் பென் டிரைவ் போதுமே!

விலை அடுத்த ஆண்டு குறையலாம், குறையாமலும் போகலாம். அது மாணவர் கையில் இல்லை. கேமரா செட்டிங்கும், ப்ராக்ஸியும், பணத்தை இரண்டாகப் பிரிப்பதும் அவர் கையில் இருக்கிறது. டிரைவ் போனால் இன்னொன்று வாங்கிவிடலாம். கடைசி நாள் மழையில் நனைந்து எடுத்த அந்த ஷாட்டை, ஊருக்குத் திரும்பிப் போய்விட்ட நடிகரை வைத்து மறுபடி எடுக்க முடியாது. கடையில் 'எத்தனை டிபி தம்பி?' என்று கேட்கும்போது சொல்ல வேண்டிய பதில், 'ரெண்டு டிரைவ் வேணும் அண்ணா' என்பதுதான்.